ஒரு கட்டத்தில் மறைந்து இன்னொரு கட்டத்தில் தெரிந்த கட்டி: நாள்பட்ட கல்லீரல் நோயில் சி.டி. குறித்த நிகழ்வு ஆய்வு

நோயாளி

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டாரத்தைச் சேர்ந்த 56 வயது விவசாயி, எடை 58 கிலோ. எட்டு ஆண்டுகளுக்கு முன் ரத்த தானம் செய்யப் போன இடத்தில் ஹெபடைட்டிஸ் பி இருப்பது தெரியவந்தது. வைரஸைக் கட்டுப்படுத்தும் டெனோஃபோவிர் மாத்திரை எழுதித் தரப்பட்டது. தக்காளி பறிப்பு நடக்கும் மாதங்களில் மாத்திரை நின்றுபோகும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டிய அல்ட்ராசவுண்டும் தள்ளிப்போகும். குடியை இரண்டு ஆண்டுகளுக்கு முன் விட்டுவிட்டார்.

இந்த முறை எடுத்த அல்ட்ராசவுண்டில் கல்லீரலின் விளிம்பு மேடும் பள்ளமுமாக இருந்தது. மண்ணீரல் 15 செ.மீ. வலப்பக்கம் மேலே, உதரவிதானத்தை ஒட்டிய 8-ஆம் பிரிவில் (கல்லீரலை எட்டுப் பிரிவுகளாக எண்ணுவார்கள்) ஒரு கருமையான முடிச்சு பாதியளவு தெரிந்தது. நுரையீரல் காற்று மறைத்ததால் அளவெடுக்க முடியவில்லை. ஏ.எஃப்.பி. (கல்லீரல் புற்றில் உயரக்கூடிய ரத்தப் புரதம்) மி.லி.க்கு 46 நானோகிராம். பிலிருபின் 1.6, அல்புமின் 3.3, ஐ.என்.ஆர். (ரத்தம் உறைவதைக் காட்டும் எண்) 1.3, வயிற்றில் நீர் இல்லை, நினைவு தெளிவு. இவற்றைக் கூட்டினால், கல்லீரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று சொல்லும் சைல்ட்-பியூ மதிப்பெண் 6, அதாவது லேசான ஏ வகுப்பு. தட்டணுக்கள் 82,000. கிரியாட்டினின் 0.9.

கிரியாட்டினின் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகிய நிலை) நோயாளிக்குத் தசை கரைந்திருக்கும், அதனால் கிரியாட்டினின் குறைவாகவே வரும். 0.9 என்ற எண்ணைப் பார்த்து சிறுநீரகம் முழு பலத்தோடு இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. நீர் பிரியும் மாத்திரை எடுக்கிறாரா, வாந்தி பேதி இருந்ததா, வலி மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்டுவிட்டுத்தான் சாய மருந்து (ரத்த ஓட்டத்தைப் படத்தில் வெளுத்துக் காட்டும் அயோடின் மருந்து) ஏற்ற வேண்டும். உணவை நான்கு மணி நேரம் நிறுத்தினால் போதும். தண்ணீரையும் சேர்த்து நிறுத்தி, ஊரிலிருந்து பஸ் ஏறி வருபவரை வறண்ட உடம்போடு மேசையில் படுக்க வைப்பது தவறு.

முதல் ஸ்கேன் ஏன் ஏமாற்றியது

ஐந்து வாரங்களுக்கு முன்பே வெளியில் ஒரு சி.டி. எடுத்திருந்தார். சீட்டில் ‘வயிறு, மருந்து போட்டு’ என்று மட்டும் எழுதியிருந்தது. அறிக்கையில் மூன்று வரிகள்: சிரோசிஸ், பெரிய மண்ணீரல், கல்லீரலில் கட்டி எதுவும் இல்லை. நான்காவதாக ஒரு வரி குடும்பத்தையே கலங்க வைத்திருந்தது: முதுகெலும்புகள் அடர்த்தியாகத் தெரிகின்றன, பரவிய புற்றா என்று பார்க்கவும்.

அந்தப் படங்களைத் திரும்பத் திறந்து பார்த்ததில் நடந்தது புரிந்தது. புறங்கையில் போட்டிருந்த 22 கேஜ் ஊசி (எண் கூடினால் ஊசி மெல்லியது) வழியாக, நொடிக்கு 2.5 மி.லி. வேகத்தில், 300 வலிமையுள்ள (மி.லி.க்கு 300 மி.கி. அயோடின்) மருந்து 80 மி.லி. ஏற்றியிருக்கிறார்கள். கணக்குப் போட்டால் கிலோவுக்கு சுமார் 414 மி.கி. அயோடின். கல்லீரலுக்கு 520 முதல் 650 மி.கி. வரை வேண்டும். எடுத்ததோ ஒரே ஒரு கட்டம் (மருந்து ஏற்றியபின் குறித்த நேரத்தில் எடுக்கும் படத்தொகுதி), 70-ஆவது நொடியில்.

சாதாரணக் கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் முக்கால் பங்கு, குடலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையிலிருந்து வருகிறது, மீதிதான் தமனியிலிருந்து. சிரோசிஸில் உருவாகும் மறுவளர்ச்சி முடிச்சும் அதே வழியில்தான் வாழ்கிறது. அது படிப்படியாகக் கெடும்போது போர்ட்டல் வழி அடைபட்டுப் போகிறது, துணையில்லாத புதுத் தமனிகள் முளைக்கின்றன. முழு ஹெப்பாடோசெல்லுலர் கார்சினோமா (கல்லீரல் செல்லிலேயே தோன்றும் புற்று) ஆகும்போது கட்டி கிட்டத்தட்ட தமனியை மட்டுமே நம்பி நிற்கிறது. ஆகவே தமனி ரத்தம் சாயத்தோடு வந்து சேரும் சில நொடிகளில் கட்டி பளிச்சென்று தெரியும். போர்ட்டல் சிரை வழியாகச் சுற்றியுள்ள கல்லீரலுக்குச் சாயம் வந்து நிரம்பியதும் இரண்டும் ஒரே நிறமாகிவிடும். மூன்று நிமிடம் கழித்துப் பார்த்தால் கட்டியில் சாயம் கழிந்திருக்கும், சுற்றிலும் தங்கியிருக்கும். அப்போது கட்டி கருத்துத் தெரியும். இதைத்தான் வாஷ்அவுட் என்கிறோம். 70-ஆவது நொடி என்பது இந்த இரண்டு காட்சிக்கும் நடுவில் விழும் சமநிலை நேரம். அந்த ஒரு கட்டத்தை மட்டும் எடுத்தால், கட்டி ஒளிந்துகொள்ளும் நேரத்தையே தேர்ந்தெடுத்து எடுத்தது போலாகிவிடும்.

இரண்டாவது ஸ்கேன்: எப்படி எடுக்கப்பட்டது

வலது முழங்கை மடிப்பில் 20 கேஜ் ஊசி. வார்டிலிருந்து வருபவர்களுக்குப் பெரும்பாலும் புறங்கையில் 22 கேஜ் தான் போட்டிருக்கும். அதிலேயே ஓட்டிவிடலாம் என்று தோன்றும், ஓட்டக் கூடாது. நொடிக்கு 2 மி.லி. என்றால் 100 மி.லி. ஏறி முடிய 50 நொடி ஆகும். தமனியில் சாயத்தின் உச்சம் உயரமில்லாமல் தட்டையாகிவிடும். மெல்லிய சிரையில் அழுத்தம் கூட்டினால் மருந்து தோலடியில் கசிந்து கை வீங்கும். ஊசியை மாற்றுவதற்கு ஆகும் ஐந்து நிமிடம் இந்தப் பரிசோதனையின் பயனையே தீர்மானிக்கிறது.

மருந்து: 350 வலிமை, 100 மி.லி., நொடிக்கு 4 மி.லி. 25 நொடியில் முடிந்துவிடும். கிலோவுக்கு சுமார் 600 மி.கி. அயோடின். பின்னாலேயே அதே வேகத்தில் 40 மி.லி. சலைன், குழாயிலும் கையிலும் தங்கிய சாயத்தைத் தள்ளிவிட. குடிக்கக் கொடுத்தது வெறும் தண்ணீர், அரை லிட்டர். வெள்ளையாகத் தெரியும் வாய்வழி மருந்து இங்கே வேண்டாம்.

நேரத்தை யூகித்து எடுக்காமல் ரத்த ஓட்டத்தைப் பின்தொடர்ந்து எடுத்தார்கள். உதரவிதான மட்டத்தில் மகாதமனிக்குள் சிறு வட்டம் வைத்து, அது 100 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகை (சி.டி.யில் அடர்த்தியின் அளவு) தொட்ட பிறகு 18 நொடி காத்திருந்து தமனிக் கட்டம். இவருக்கு 21-ஆவது நொடியில் தொட்டது, ஆக 39-ஆவது நொடியில் ஸ்கேன். இதயம் பலவீனமானவருக்கு இதே புள்ளி 30 நொடி தாண்டியும் வரும். எல்லோருக்கும் ஒரே எண்ணை வைத்து எடுப்பது இதனால்தான் தோற்கிறது. போர்ட்டல் கட்டம் 75-ஆவது நொடி, தாமதக் கட்டம் 180-ஆவது நொடி. மருந்துக்கு முந்தைய படமும் குறைந்த கதிரளவில் எடுக்கப்பட்டது. ஒல்லியான உடம்பு என்பதால் 100 கிலோவோல்ட். அயோடின் கூடுதலாகப் பளிச்சிடும். படத் தடிமன் 2.5 மி.மீ.

மூச்சை முன்கூட்டியே பழக்கியது பெரிய உதவி. “ஐயா, மூச்சை இழுங்க, பாதி விடுங்க, அப்படியே நிறுத்துங்க. நான் சொல்ற வரைக்கும் விடாதீங்க.” மேசை நகர்வதற்கு முன் மூன்று முறை இப்படிச் செய்து பார்த்தார்கள். ஒரு கட்டத்தில் முழு மூச்சு, அடுத்ததில் அரை மூச்சு என்றால் 8-ஆம் பிரிவு இரண்டு செ.மீ. இடம் மாறி நிற்கும். ஒரு கட்டத்தில் பார்த்த 10 மி.மீ. முடிச்சை அடுத்த கட்டத்தில் தேடிக்கொண்டே இருக்க நேரும்.

படிக்கத் தொடங்கும் முன் தமனிக் கட்டம் சரியான நேரத்தில் விழுந்ததா என்று பார்க்க வேண்டும். கல்லீரல் தமனி நிறைந்து, போர்ட்டல் சிரையில் கொஞ்சம் சாயம் வந்து, கல்லீரல் சிரைகளில் இன்னும் வராமல் இருந்தால் அது பிந்திய தமனிக் கட்டம், நமக்கு வேண்டியது அதுதான். மண்ணீரல் வரிக்குதிரை போலக் கோடு கோடாகத் தெரிவதும் துணை அடையாளம். போர்ட்டல் சிரை கருப்பாகவே இருந்தால் அவசரப்பட்டு எடுத்தாயிற்று. கட்டிக்குள் சாயம் இன்னும் போய்ச் சேர்ந்திருக்காது.

கல்லீரல் சிரைகள் மூன்றும் திறந்திருக்கின்றனவா என்பதையும் முதலிலேயே பார்த்தாக வேண்டும். இந்தச் சிரைகள் அடைபடும் பட்-கியாரி நோயில் தமனி ரத்தம் மிகுந்து வளரும் தீங்கற்ற முடிச்சுகள் புற்றைப் போலவே பளிச்சிடும், சில சமயம் வாஷ்அவுட்டும் காட்டும். அதனாலேயே லை-ராட்ஸ் வகைப்பாடு (கட்டி புற்றாக இருக்கும் வாய்ப்பை 1 முதல் 5 வரை தரப்படுத்தும் முறை) அவர்களுக்குப் பொருந்தாது. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும், பிறவியிலேயே கல்லீரலில் நார்த்திசு பெருகும் நோய்க்கும் பொருந்தாது. சிரோசிஸ் உள்ளவர், நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி உள்ளவர், முன்பு இதே புற்று வந்தவர் என்றால்தான் அதைக் கையில் எடுக்கலாம்.

நான்கு தோற்றங்கள், நான்கு முடிவுகள்

எட்டாம் பிரிவின் முடிச்சைக் கிட்டப்போய்ப் பார்க்கலாம். முதல் எண் முடிச்சினுடையது, இரண்டாவது பக்கத்திலுள்ள கல்லீரலுடையது, எல்லாம் ஹவுன்ஸ்ஃபீல்டு அலகில்:

மருந்துக்கு முன்: 48, 54
தமனிக் கட்டம்: 112, 66
போர்ட்டல் கட்டம்: 101, 108
தாமதக் கட்டம்: 74, 91

மூன்றாவது வரியில் வித்தியாசம் வெறும் 7. வயிற்றுக்கு வழக்கமாக வைக்கும் 400 அகலச் சாளரத்தில் (திரையில் கருப்பு முதல் வெள்ளை வரை காட்டும் அடர்த்தி வரம்பில்) 7 அலகு என்பது மொத்தச் சாம்பல் அளவில் இரண்டு சதவீதம்கூட இல்லை. கண்ணுக்கு எட்டாது. சாளர அகலத்தை 150-க்கும் நடுவை 100-க்கும் கொண்டுவந்தால் லேசான நிழலாகத் தெரியும். ஐந்து வாரத்துக்கு முந்தைய படத்தையும் அப்படிக் குறுக்கிப் பார்த்தபோது அதே இடத்தில் அந்த நிழல் இருந்தது. முதல் அறிக்கை எழுதியவரின் கண்ணைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்குக் கொடுத்த படத்தில் கட்டி தெரியும் கட்டமே எடுக்கப்படவில்லை.

தாமதக் கட்டத்தில் முடிச்சைச் சுற்றி மெல்லிய, ஒரே சீரான பளிச்சென்ற கோடு. அது உறை. அளவு உறையின் வெளிவிளிம்பு வரை 22 மி.மீ. தமனிக் கட்டத்தில் அளந்தால் 25 வரும். கட்டியிலிருந்து வெளியேறும் சாயம் சுற்றிலும் ஒளிவட்டம் போல் படிவதால் வரும் மிகை அது. விளிம்பு தெளிவாகத் தெரியும் கட்டத்திலேயே அளக்க வேண்டும். 20 மி.மீ.க்கு மேல், விளிம்பு வளையமாக இல்லாமல் உள்ளே முழுக்கத் தமனிச் சாயம், வாஷ்அவுட், உறை. லை-ராட்ஸ் 5. இந்த வகையில் வருபவை 90 சதவீதத்துக்கு மேல் ஹெப்பாடோசெல்லுலர் கார்சினோமாவாகவே இருக்கும் என்பதால் ஊசி குத்தித் திசு எடுக்க வேண்டியதில்லை. தட்டணு 82,000 மட்டுமே உள்ள, குத்தினால் ரத்தம் எளிதில் நிற்காதவருக்கு அது சின்ன ஆறுதல் அல்ல.

ஆறாம் பிரிவில், கல்லீரல் மேலுறையை ஒட்டி 15 மி.மீ. பளபளப்பு, தமனிக் கட்டத்தில் மட்டும். வடிவம் ஆப்பு, ஓரங்கள் நேர்கோடு. உள்ளே ஓடும் சிரை தள்ளப்படாமல் தன் வழியே போகிறது. அடுத்த இரண்டு கட்டங்களிலும் சுவடே இல்லை. சிரோசிஸில் தமனியும் போர்ட்டல் சிரையும் சிறு கிளைகளில் ஒட்டிக்கொண்டு உண்டாகும் குறுக்கு ரத்த ஓட்டம் இது. லை-ராட்ஸ் 2. புற்றைத் தேடும் கண்ணை மிக அதிகமாக ஏமாற்றுவது இதுதான்.

மூன்றாவது, இரு மடல்களிலும் சிதறியிருந்த 6 முதல் 9 மி.மீ. வரையான முடிச்சுகள். தமனிக் கட்டப் படத்தை மட்டும் பார்த்தால் அரை டஜன் புற்றுகள் என்று தோன்றும். சுற்றிலும் 66, இவற்றில் 74. மருந்துக்கு முந்தைய படத்துக்குப் போனால் இவை அப்போதே 71. ஏறியது மூன்றே அலகு. இரும்பு படிந்த மறுவளர்ச்சி முடிச்சுகள் மருந்தில்லாமலே வெளுத்துத் தெரியும். கட்டிக்கு இதற்குமுன் சிகிச்சை நடக்காதவருக்கு மருந்துக்கு முந்தைய கட்டம் கட்டாயமில்லை என்று விதி சொன்னாலும், குடியும் ஹெபடைட்டிஸும் சேர்ந்த நோயாளிக்கு அதைக் குறைந்த கதிரளவிலாவது எடுத்துவிடுவதே நல்லது. அந்த ஒரு படம் இல்லாமல் போயிருந்தால் இவருக்குப் பல கட்டிகள் என்று எழுதப்பட்டிருக்கும். குணப்படுத்தும் சிகிச்சையின் கதவு அங்கேயே மூடியிருக்கும்.

நான்காவது ஐந்தாம் பிரிவில், உருண்டையாக 12 மி.மீ. தமனிக் கட்டத்தில் நன்றாகப் பளிச்சிடுகிறது. பிறகு கல்லீரலோடு கலந்துவிடுகிறது. வாஷ்அவுட் இல்லை, உறை இல்லை. லை-ராட்ஸ் 3. தீங்கற்றதும் இருக்கலாம், மூன்றில் ஒன்று அளவுக்குப் புற்றாகவும் முடியலாம். மூன்று முதல் ஆறு மாதத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் விட்டம் பாதியோ அதற்கு மேலோ கூடினால், அதாவது 18 மி.மீ. ஆனால், வாஷ்அவுட் வராமலே இது 5-ஆம் வகைக்கு ஏறிவிடும்.

போர்ட்டல் சிரை 14 மி.மீ., அடைப்பில்லை. தமனிக் கட்டத்தில் மேல்குடல் சிரைக்குள் ஒரு கருநிழல் தெரிந்தது. சாயமுள்ள ரத்தமும் இல்லாத ரத்தமும் கலக்கும் இடம் அது, போர்ட்டல் கட்டத்தில் மறைந்துவிட்டது. உண்மையான ரத்தக்கட்டி என்றால் எல்லாக் கட்டத்திலும் நிற்கும். அதற்குள் சாயம் ஏறினால் அது கட்டியே சிரைக்குள் புகுந்தது.

அந்த வெள்ளை முதுகெலும்புகள்

இது தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வயிற்று சி.டி. படிப்பவர் ஒவ்வொருவரும் கையோடு வைத்திருக்க வேண்டிய அறிவு. இவருடைய முதுகெலும்பு உடல்கள் எல்லாமே ஒரே சீராக 400 அலகுக்கு மேல். ஓரிடத்தில் அதிகம், ஓரிடத்தில் குறைவு என்று திட்டுத்திட்டாக இல்லை. முள்ளெலும்புகளை இணைக்கும் நார்களில் சுண்ணம் படிந்திருக்கிறது. விலா எலும்புகளில் தசை ஒட்டும் இடங்கள் சிறகு போல நீண்டிருக்கின்றன. எலும்பு எங்கும் அரிக்கப்படவில்லை.

இது ஃபுளூரோசிஸ். ஆழ்துளைக் கிணற்று நீரில் லிட்டருக்கு 1.5 மி.கி. என்ற வரம்பைத் தாண்டி ஃபுளூரைடு உள்ள ஊர்கள் இந்தப் பகுதியில் நிறைய. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013-இல் தொடங்கப்பட்டது. ஆனால் நாற்பது ஆண்டுகள் போர்த் தண்ணீர் குடித்த எலும்பில் படிந்தது படிந்ததுதான். ஹெப்பாடோசெல்லுலர் கார்சினோமா எலும்புக்குப் பரவினால் பெரும்பாலும் எலும்பை அரித்து, பக்கத்தில் சதைக் கட்டியாக உப்பி நிற்கும். இப்படி வெளுக்க வைக்காது. கல்லீரல் கட்டி உள்ளவரின் அறிக்கையில் ‘பரவிய புற்று’ என்ற சொல் தவறாக ஏறிவிட்டால் ஒரே ஒரு சிறு கட்டிக்காரர் முற்றிய நிலைக்குத் தள்ளப்படுவார். அறிக்கையில் தெளிவாக எழுதப்பட்டது: எலும்பு மாற்றங்கள் ஃபுளூரோசிஸுக்குப் பொருந்துகின்றன, பரவலுக்கான அடையாளம் இல்லை.

சிகிச்சையும் தொடர்ச்சியும்

ஒரே கட்டி, 22 மி.மீ., சைல்ட்-பியூ ஏ, சிரைக்குள் புகவில்லை. கல்லீரல் புற்றின் நிலையைச் சொல்லும் பி.சி.எல்.சி. முறையில் ஏ, அதாவது ஆரம்ப நிலை. பெரிய மண்ணீரலும் குறைந்த தட்டணுவும் போர்ட்டல் அழுத்தம் கூடியிருப்பதைக் காட்டியதால் வெட்டி எடுப்பதைவிட மைக்ரோவேவ் மூலம் சுடுவது நல்லது என்று சேலத்தில் குழு முடிவு செய்தது. உதரவிதானத்தை ஒட்டிய இடம் என்பதால் வயிற்றுக்குள் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் நீரை விட்டு, இடைவெளி உண்டாக்கிச் செய்தார்கள்.

ஒரு மாதத்தில் எடுத்த சி.டி.யில் சுட்ட பகுதி 36 மி.மீ., கட்டியைச் சுற்றி எல்லாப் பக்கமும் 5 மி.மீ.க்கு மேல் தள்ளி. வெந்த திசு மருந்தில்லாமலே 62 அலகு, தமனிக் கட்டத்தில் 63. ஏற்றமில்லை. சுட்ட பகுதியைச் சுற்றித் தெரிந்த மெல்லிய, சீரான பளபளப்பு புண் ஆறும் ரத்த ஓட்டம்தான். ஒரு பக்கம் மட்டும் தடித்து முண்டாக இருந்திருந்தால்தான் மிச்சமிருக்கும் கட்டி என்று கவலைப்பட வேண்டும். ஐந்தாம் பிரிவு முடிச்சு அதே 12 மி.மீ.

மூன்றாம் மாத சி.டி.யில் ஐந்தாம் பிரிவு முடிச்சைக் காணவில்லை. வரைவு அறிக்கை ‘முன்பிருந்த முடிச்சு மறைந்துவிட்டது’ என்றது. கையெழுத்துக்கு முன் போர்ட்டல் சிரையை அளந்தபோது தமனிக் கட்டத்தில் 52 அலகு, மருந்துக்கு முன் 44. சாயம் கிட்டத்தட்ட வரவே இல்லை. பின்தொடரும் வட்டம் மகாதமனிச் சுவரில் படிந்திருந்த சுண்ணத்தைத் தொட்டபடி வைக்கப்பட்டிருந்தது. சுண்ணமே 100-ஐத் தாண்டும் என்பதால், மருந்து வந்து சேர்வதற்கு முன்பே கருவி ‘வந்துவிட்டது’ என்று கணக்கெடுத்து 12-ஆவது நொடியில் ஓடத் தொடங்கி, 30-ஆவது நொடியிலேயே படம் எடுத்துவிட்டது. வட்டத்தைச் சுவரைத் தொடாமல் நடுவில், சுண்ணமில்லாத மட்டத்தில் வைக்க வேண்டும். வைத்த பிறகு தொடக்க எண் 40, 50-க்குள் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தாலே இந்தத் தவறு பிடிபடும்.

அறிக்கை திருத்தப்பட்டது: தமனிக் கட்டம் முந்திவிட்டது, ஐந்தாம் பிரிவை இந்தப் படத்தில் வகைப்படுத்த இயலாது. இன்னொரு முறை கதிர் கொடுப்பதற்குப் பதில் இரண்டு வாரத்தில் கடோலினியம் ஏற்றி எம்.ஆர்.ஐ. எடுக்கப்பட்டது. முடிச்சு அங்கேயே இருந்தது, 13 மி.மீ., தமனிச் சாயம் உண்டு, வாஷ்அவுட் இல்லை. லை-ராட்ஸ் 3 ஆகவே நீடிக்கிறது.

அடுத்த சி.டி. மூன்று மாதத்தில். இம்முறை சீட்டில் எழுதியிருப்பது: கல்லீரல், மருந்துக்கு முன்னும் தமனி, போர்ட்டல், தாமதம் என நான்கு கட்டங்களும், முழங்கை மடிப்பில் 20 கேஜ், நொடிக்கு 4 மி.லி.; ஹெபடைட்டிஸ் பி, சிரோசிஸ்; 8-ஆம் பிரிவு சுட்டது, 5-ஆம் பிரிவில் 13 மி.மீ. முடிச்சு ஒப்பிட, ஃபுளூரோசிஸ் எலும்பு, பழைய படங்கள் குறுந்தட்டில் இணைப்பு. டெனோஃபோவிர் மாத்திரையை மகள் காலையில் களி உண்ணும் வேளையில் கையில் கொடுக்கிறார், தக்காளி மாதத்திலும்.